வரிசைக்கு முந்தைய பாடம்

பிள்ளைக்கு ஐந்து வயதானால் பாட்டு கிளாஸில் சேர்ப்பது நம் நடுத்தரக் குடும்பங்களில் ஏறக்குறையச் சடங்காகிவிட்டது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என ஏறும் இந்தப் பாடமுறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. முறையில் கோளாறு சொல்ல முடியாது. தொடக்கத்துக்கு மாயாமாளவகௌளையைத் தேர்ந்ததிலேயே நுட்பம் இருக்கிறது: ச-ரி நெருக்கம், ரி-க அகலம், க-ம மறுபடி நெருக்கம், ப முதல் மேல் ச வரையிலும் அதே அச்சு. ஒரே வரிசையை மூன்று காலத்திலும் பாடுகிற குழந்தைக்குச் சுருதியோடு தாளமும் படிந்துவிடும். ஆனால் இந்த முறை குருகுலத்தை நம்பி எழுந்தது. அங்கே மாணவன் எடுபிடி வேலை செய்யும்போதும் குருவின் பாட்டும் மூத்தவர்களின் சாதகமும் காதில் விழுந்துகொண்டே இருந்தன. வரிசைகள் அவன் கேட்டுப் பழகிய இசைக்கு இலக்கணமாக வந்தன. இன்றோ வாரத்துக்கு இரண்டு கிளாஸ், மற்ற நாளெல்லாம் "பிராக்டீஸ் பண்ணியா?" என்ற அதட்டல். பேச்சே கேட்டறியாத பிள்ளையிடம் வேற்றுமை உருபை ஒப்பிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

வீணை தனம்மாளின் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் கச்சேரி நடக்கும். பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி என்று பேத்திகள் வளர்ந்தது அந்த இசைக்கு நடுவில். அது பரம்பரைக் குடும்பம், பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் கடும் பயிற்சி பெற்றவர்கள், நம் வீட்டோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்தப் பயிற்சி வந்து சேர்ந்தது ஏற்கெனவே பழுத்திருந்த காதுகளில். பரம்பரை இல்லாத வீட்டுக்கு ஜப்பானின் ஷினிச்சி சுசுகி ஒரு வழி சொன்னார்: தாய்மொழி போலவே இசையும். வாசிக்கப்போகும் பாட்டைக் குழந்தை தினமும் கேட்கும், பெற்றோரும் வகுப்பில் உட்கார்வர், குறியீடு பிறகுதான். இதனால் இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கும் திறன் பின்தங்குகிறது என்ற விமர்சனம் உண்டு. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அத்தனை நேரம் எங்கே என்பது அதைவிடக் கனமான விமர்சனம்.

அதற்காக ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதும் பயன்படாது. மொசார்ட்டைக் கேட்ட கல்லூரி மாணவர்களுக்கு இடம்சார் சிந்தனையில் சில நிமிடங்களே நின்ற சிறு முன்னேற்றத்தை 1993-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு, 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு தரத் திட்டம் போட்டார்! இசையை மூளைக்கு டானிக்காக நினைக்கும் ஆசை நம்மிடமும் குறைவில்லை. சமைக்கும்போது கூடவே முணுமுணுப்பதும், "இந்த இடம் எப்படி வளையுது பார்" என்று நிறுத்திக் காட்டுவதும் அதற்குமேல் செய்யும். நேரமும் அதிகம் கேட்காது. சினிமாப் பாட்டு சுரத்தைக் கெடுக்கும் என்ற அச்சமும் மிகை. 'கவிக்குயில்' (1977) படத்தில் இளையராஜா ரீதிகௌளையில் அமைத்து, பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாட்டை வீட்டில் முணுமுணுத்து வளர்ந்த பிள்ளை, ஒருநாள் அதே ராகத்துக் கீர்த்தனைக்கு வரும்போது டீச்சருக்குக் கமகத்தைத் திருத்தும் வேலைதான் மிஞ்சும்.