அலையோடு ஆடும் காடு

கெல்ப் காட்டுக்குள் ஒருவர் தேர்ந்த டைவரா என்பதை அவருடைய காலைப் பார்த்தே சொல்லிவிடலாம். புதியவரின் கால் ஓயாமல் உதைத்துக்கொண்டிருக்கும். தேர்ந்தவரின் கால் பெரும்பாலும் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருத்தலைப் பழக எனக்கு இருபது முழுக்குகளுக்கு மேல் ஆயிற்று. கலிஃபோர்னியாவின் மான்டரே பக்கம், பாயின்ட் லோபோஸ் காப்பகத்தில் அதைக் கற்றேன்.

அங்கே கடலுக்கடியில் 750 ஏக்கரை 1960இல் காப்பிடமாக ஒதுக்கினார்கள். அமெரிக்காவின் முதல் நீரடிக் காப்பகம் அதுதான். வேலர்ஸ் கோவ், புளூஃபிஷ் கோவ் என்ற இரண்டு சிறு குடாக்களில், முன்பதிவு செய்த சிலர் மட்டுமே இறங்கலாம். நீர் பெரும்பாலும் 10 முதல் 13 டிகிரி. வசந்தத்தில் வடமேற்குக் காற்று மேல்நீரைக் கரையைவிட்டுத் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் சத்துகளைச் சுமந்துகொண்டு மேலேறி வருகிறது. இந்தக் காட்டுக்கு அதுதான் எரு. நம் மன்னார் வளைகுடாவில் பாசி உண்டு, பவளம் உண்டு, கெல்ப் கிடையாது. வெதுவெதுப்பான நீர் அதற்கு ஆகாது.

பார்த்தால் மரம் என்றுதான் சொல்லத் தோன்றும். உண்மையில் கெல்ப் ஒரு பழுப்புப் பாசி. பாறையைக் கவ்வியிருக்கும் பின்னல் வேர்போலத் தெரிந்தாலும் சத்தை உறிஞ்சுவதில்லை. பிடித்துக்கொள்வது ஒன்றே அதன் வேலை. அங்கிருந்து கயிறு கயிறாகத் தண்டுகள் ஏறுகின்றன. ஒவ்வோர் இலையின் அடியிலும் கத்தரிப்பிஞ்சு போல ஒரு காற்றுப்பை. கட்டையின் உறுதி எதுவும் இல்லாமல் இது முப்பது மீட்டர் நிமிர்ந்து நிற்பது அந்தப் பைகளின் தயவில்தான். காலம் கூடிவந்தால் ஒரே நாளில் 60 செ.மீ. வரை வளரும். அடியில் கெட்டிப்பிடி, அதற்கு மேல் முழு நெகிழ்வு. புயல் அடிக்கும் கரையில் அது பிழைத்திருக்கும் வழி இதுதான்.

இறங்குபவருக்கும் ஆயத்தம் தேவை. பெர்க்லி இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் 1950களின் தொடக்கத்தில் உருவாக்கிய வெட்சூட்டின் வழிவந்த 7 மில்லிமீட்டர் உடையைப் போட்டுக்கொள்கிறோம். அதன் நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்ட நுண்குமிழிகள்தாம் சூட்டைக் காக்கின்றன. ஆழம் போகப்போகக் குமிழிகள் நசுங்கும். உடையின் மிதப்பும் குறையும், கதகதப்பும் குறையும். இடுப்பு ஈயத்தையும் மிதப்புச் சட்டையின் காற்றையும் சரிபார்த்தபின், நுட்பமான திருத்தமெல்லாம் மூச்சின் பொறுப்பு. இழுத்தால் ஒரு சாண் ஏறுவோம், விட்டால் ஒரு சாண் இறங்குவோம். தொங்கும் வார், குழாய் எதுவானாலும் உடலோடு ஒட்டக் கட்டிவிட வேண்டும். கெல்ப் எதையும் பற்றிக்கொள்ளும்.

முதல் நிமிடம் நெற்றியில் குளிர் ஊசியாய் இறங்கும், உதடு மரத்துப்போகும். பிறகு கண் திறந்துகொள்ளும். மேலே படர்ந்த இலைக்கூரையில் வெயில் தேன்நிறமாக வடிகட்டி இறங்குகிறது. நாலா பக்கமும் ஆயிரங்கால் மண்டபத்தைப்போலத் தண்டுகள். இங்கே தூண்கள் ஆடுகின்றன. கரையில் உடையும் அலையின் வீச்சு, பத்து மீட்டர் ஆழத்திலும் எல்லாவற்றையும் ஓர் ஆள் தூரம் முன்னே தள்ளி, பின்னே இழுக்கிறது.

அதை எதிர்த்து நீந்தினால் காற்று வீணாகும், மனமும் அலைபாயும். அலை ஓய்ந்து கடலாட முடியுமா என்பது நாம் அறிந்த பழமொழி. வீச்சு முன்னே போகும்போது மெல்ல ஓர் உதை. பின்னே வரும்போது சும்மா. விளம்ப காலத்தில் தாளம் போடுவது போலத்தான், வீச்சுகளுக்கு இடையிலுள்ள வெளியை நிரப்பிவிடாமல் பொறுக்கத் தெரிய வேண்டும். உடல் அப்படி இசைந்த கணத்தில் ஒன்று நிகழும். காடு ஆடுவதை நிறுத்திவிடும். தண்டும் இலையும் மீனும் நாமும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவதால் எதுவும் நம்மைவிட்டு விலகுவதில்லை. கீழே கிடக்கும் பாறைதான் முன்னும் பின்னும் ஆடுவதாகத் தெரியும். இந்த ஒரு மாற்றத்துக்காக எத்தனை குளிரையும் தாங்கலாம்.

கண்ணுக்குச் சிறியவை அகப்படுவதும் அதன்பிறகுதான். இலைகளின் நிறத்திலேயே, தலைகீழாகக்கூடத் தொங்கி நிற்கும் கெல்ப் ராக்ஃபிஷ். பாறையில் குங்குமம் கொட்டியதுபோல ஸ்ட்ராபெரி அனிமோன்கள். ஓடில்லாத கடல் நத்தைகளில் ஹாப்கின்ஸ் ரோஸ், பெயருக்கேற்ற இளஞ்சிவப்பு. எனக்கு மிகப் பிடித்தது மெலிபே. கண்ணாடி போன்ற உடல். முகத்தைச் சுற்றி ஒரு கூடாரம். கெல்ப் இலையில் ஒட்டி உட்கார்ந்து, வீச்சுவலை எறியும் மீனவரைப்போல அந்தக் கூடாரத்தை விரித்து மூடி, நுண்ணிய இறால்வகை உயிர்களைப் பிடித்து விழுங்கும். அதற்கும் அவசரமில்லை.

கூரைக்கு மேலே கடல் நீர்நாய் கெல்ப்பைச் சுற்றிக்கொண்டு மல்லாந்து தூங்கும். கொழுப்புப் படலம் இல்லாத உடம்பு. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முடிகளே அதன் கம்பளி. அந்த ரோமத்துக்காகவே வேட்டையாடப்பட்டு, கலிஃபோர்னியாவில் அற்றுப்போயிற்று என்று எண்ணப்பட்ட இனம். 1938இல் பிக் சர் கரையோரம் சுமார் 50 கண்ணில் பட்டன. இன்று ஏறத்தாழ 3,000. கெல்ப்பை மேயும் கடல் முள்ளெலிகளை இவை தின்பதால் காடு நிற்கிறது. முள்ளெலிகளின் இன்னோர் எதிரியான சூரியகாந்தி நட்சத்திர மீன், 2013இல் தொடங்கிய நோயில் கூட்டம் கூட்டமாக மடிந்தது. அடுத்து 2014 முதல் 2016 வரை கடல் சூடேறியது. வட கலிஃபோர்னியக் கரையில் கெல்ப் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது; மான்டரே பக்கமும் பல இடங்களில் காடு இருந்த பாறையை இன்று ஊதா முள்ளெலிகள் மூடியிருக்கின்றன. அந்தப் பாறைமேல் நீந்தும்போதும் அலைவீச்சு அதே தாளத்தில்தான் வருகிறது. சேர்ந்து ஆடத்தான் எதுவும் இல்லை.

மேலேறுவதும் ஒரு கலை. காற்று தீருமுன்பே கூரையில் வெளிச்சத் திட்டு தேடி, தலைக்குமேல் கைநீட்டி எழ வேண்டும். சென்ற முறை அப்படி எழும்போது ஒரு தண்டு என் கணுக்காலைச் சுற்றியது. உதைத்திருந்தால் இறுகியிருக்கும். காலை அசைக்காமல் காத்திருந்தேன். அடுத்த வீச்சு வந்தது. கொடி நெகிழ்ந்து, தானே கழன்று போனது.