தானே குணமாகுமாம்!

குபர்நெட்டிஸ் பற்றி எந்த அறிமுகத்தை எடுத்தாலும் ஒரு சொல் கட்டாயம் வந்துவிடும்: செல்ஃப் ஹீலிங். தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளுமாம். அதன் அதிகாரபூர்வ ஆவணத்திலேயே இது சிறப்பம்சங்களில் ஒன்று. எனக்கு வழக்கே இந்தச் சொல்லோடுதான். நடப்பது வைத்தியம் இல்லை. பதில் சொல்லாத கன்டெய்னரைக் கொன்றுவிட்டு, அதே மாதிரி இன்னொன்றை எழுப்புகிறது. அவ்ளோதான்.

2014-இல் கூகுள் இதை வெளியிட்டபோது, போர்க் என்ற தன் உள்வீட்டு அமைப்பின் அனுபவம் பின்னால் இருந்தது. ஒரே மாதிரி ஏகப்பட்ட நகல்கள், ஒன்று போனால் இன்னொன்று. அங்கே கொல்வது நியாயம்தான். ஆனால் இன்று இதே கிளஸ்டரில் நாம் ஏற்றுவது என்ன? எழுந்து உட்காரவே நாலு நிமிஷம் எடுத்துக்கொள்ளும் ஜாவா மென்பொருளை.

லைவ்னெஸ் புரோப் என்று ஒன்று உண்டு. 'உயிரோடு இருக்கியா?' என்று அடிக்கடி கேட்கும் சோதனை. எண்களை நாம் மாற்றாவிட்டால், 10 விநாடிக்கு ஒரு தடவை கேட்கும். 1 விநாடிக்குள் பதில் வேண்டும். தொடர்ந்து 3 தடவை தவறினால் ரீஸ்டார்ட். நாலு நிமிஷக்காரனை அரை நிமிஷத்தில் தூக்கில் போட்டால் அவன் எப்போது எழுவது? இதற்கென்று வந்த ஸ்டார்ட்-அப் புரோப், 2020 டிசம்பரில் வெளியான 1.20 பதிப்பில்தான் நிலைபெற்றது. அதற்கு முன் எழுதிய யாமல் கோப்புகளை அப்படியே நகலெடுத்து ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதைவிட மோசமான இடம் தரவுத்தளம். லிக்விபேஸ் என்ற கருவியைப் பல பெரிய மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன. புதுப் பதிப்பு எழும்போது அட்டவணைகளை மாற்றி அமைப்பது அதன் வேலை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைக்கக்கூடாதே என்று, தரவுத்தளத்திலேயே ஒரு வரியில் பூட்டு போட்டுவிட்டுத்தான் தொடங்கும். பாதி வேலையில் புரோப் அதைக் கொன்றால், பூட்டு அப்படியே நின்றுவிடலாம். அடுத்து எழுந்தவன் பூட்டைப் பார்த்துக் காத்திருப்பான். காத்திருக்கிறவன் பதில் சொல்ல மாட்டான். அவனுக்கும் அதே கதி. ஆயிரம் தடவை ரீஸ்டார்ட் ஆனாலும் இது தீராது. பாதியில் நின்ற மாற்றம் எதுவரை போயிருக்கிறது என்று பார்த்து, ஒரு மனுஷன் பூட்டைக் கையால் எடுத்துவிட வேண்டும். அதுவரை கிராஷ்-லூப்-பேக்-ஆஃப்: 10 விநாடி, 20, 40 என்று இடைவெளி இரட்டிப்பாகி 5 நிமிஷத்தில் போய் நிற்கும்.

தவறான லைவ்னெஸ் புரோப் அடுக்கடுக்கான சரிவை உண்டாக்கும் என்று அதே ஆவணம் இன்னொரு பக்கத்தில் எச்சரிக்கிறது. விளம்பரம் முன்பக்கம், எச்சரிக்கை உள்பக்கம்.

எனக்குப் பெரிய குறை வேறு. இந்த 'வைத்தியம்' தடயத்தையும் சேர்த்து அழிக்கிறது. ஈவென்ட்கள் பொதுவாக 1 மணி நேரம்தான் தங்கும். லாக் கேட்டால், செத்தவர்களில் கடைசி ஒருவருடையது மட்டும் கிடைக்கும். ராத்திரி 2 மணிக்கு விழுந்து தானே எழுந்ததை, காலை 9 மணிக்கு வருபவர் 'ரன்னிங்' என்றுதான் பார்க்கிறார். பக்கத்தில் ரீஸ்டார்ட் எண்ணிக்கை மட்டும் ஏறியிருக்கும். ஏன் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

வெளியேறும் எண் 137 என்றால் இன்னும் கஷ்டம். 128-உடன் 9, அதாவது கெஞ்ச இடமில்லாத கொலை. பெரும்பாலும் நினைவக வரம்பைத் தாண்டியதற்காக லினக்ஸ் கெர்னல் செய்தது. ஜாவாவுக்குள் ஹீப் நிரம்பினால், கேட்டு வைத்திருந்தால் அது ஒரு டம்ப் எழுதிவிட்டுச் சாகும். கெர்னல் கொன்றால் ஒரு வரி எழுதக்கூட நேரம் கிடையாது. "டம்ப் எங்கே?" என்று தேடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதி ராத்திரி மிச்சம்.

இப்படிப்பட்ட மென்பொருளுக்கு லைவ்னெஸ் புரோப்பே வேண்டாம் என்பது என் கட்சி. ரீஸ்டார்ட் செய்தால்தான் தீரும் என்று நிரூபணமான முடக்கம் இருந்தால் மட்டும் வைக்கலாம். டிராஃபிக்கை நிறுத்த ரெடினெஸ் புரோப் போதும், அது யாரையும் கொல்லாது. லாக்கை கிளஸ்டருக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். பாடை டெலீட் செய்வதற்கு முன் (பாட் என்பதோடு ஐ சேர்த்தால் இப்படித்தான் வருகிறது, பொருத்தமாகவும் இருக்கிறது) டிஸ்கிரைப் வெளியீட்டையும் முந்தைய கன்டெய்னரின் லாக்கையும் ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். அரை நிமிஷ வேலை.