வகுப்பின் பக்கம் யாருடைய கணக்கில்?

ஒரு வகுப்பாசிரியரின் நிர்வாக வேலையில் பாதி, ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். நாளைக்குக் கணிதப் பரீட்சை. வெள்ளிக்கிழமைக்குள் விஞ்ஞானக் கொப்பி திருத்தத்துக்கு வர வேண்டும். பெற்றோர் கூட்டம் பிற்பகல் இரண்டு மணிக்கு. அன்று வராத பிள்ளைக்கு மறுநாள் இதையெல்லாம் மறுபடி சொல்ல வேண்டும். வந்திருந்தும் காதில் வாங்காத பிள்ளைக்கு இன்னொரு தடவை. இந்தச் சின்னத் தொல்லைக்கு இணையம் தந்த மிக எளிய மருந்து வலைப்பதிவு. 1999இல் தொடங்கிய புளொகரை 2003இல் கூகிள் வாங்கியது. வேர்ட்பிரஸ் வெளிவந்ததும் அதே 2003இல்தான். காசு வேண்டாம், நிரல் எழுதத் தெரிய வேண்டாம். எழுதியது திகதியோடு நிற்கும், புதியது மேலே வரும், யாருடைய தொலைபேசி இலக்கமும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஒரு வகுப்பை நடத்த இதற்கு மேல் என்ன வேண்டும்?

இருந்தும் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் அது வகுப்புக்கு வந்து சேரவில்லை. தமிழ்நாட்டில் வலைப்பதிவு செழித்தது, ஆனால் ஆசிரியர்களின் சொந்த ஊடகமாக. இலங்கையில் அது வேர்விடும் முன்பே வட்ஸ்அப் குழு வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஆசிரியர்களுக்கு ஆர்வம் போதாது, அங்கே அதிகம் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அதை நம்பவில்லை. டேட்டா விற்கப்படும் முறைக்கும் பரீட்சைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

முதலில் தமிழ்நாடு. அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கல்விச்சோலை, பாடசாலை, கல்விச்செய்தி என்று பெயர் சொன்னால் விளக்கம் தேவைப்படாது. தலைமையாசிரியரின் மேசைக்குச் சுற்றறிக்கை வந்து சேருமுன்பே அதன் படம் இந்தத் தளங்களில் வந்துவிடும் என்பது அங்கே ஆசிரியர் அறைகளில் பழகிப்போன பேச்சு. இடமாறுதல் கலந்தாய்வு, பதவி உயர்வுப் பட்டியல், அகவிலைப்படி அரசாணை, அரையாண்டுத் தேர்வு வினாத்தாள், பொதுத்தேர்வு முடிந்த மாலையே விடைக்குறிப்பு. ஏறக்குறைய 37,000 அரசுப் பள்ளிகள் உள்ள ஒரு மாநிலத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் ஓராசிரியர் பள்ளிக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் ஒரே நேரத்தில் செய்தி கிடைக்கிறது என்பது சாதாரண விடயமல்ல. பலர் சொந்தக் கைக்காசில், இரவில் கண்விழித்து இதை வளர்த்தார்கள். பிறகு விளம்பரமும் வந்தது, பரபரப்புத் தலைப்புகளும் வந்தன. அது வேறு கதை.

ஆனால் அந்தத் தளங்களில் வகுப்பறை எங்கே? ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் திங்கட்கிழமை என்ன நடந்தது என்பது அங்கே இல்லை. பாடக்குறிப்புகள் நிறைய இருக்கின்றன. அவை அதிகாரி கேட்கும்போது காட்டுவதற்காக ஆசிரியர் ஆசிரியருக்குத் தருபவை. வகுப்பு நிர்வாகம் என்ற வேலையோ பள்ளிக்கல்வித் துறையின் தரவுத் தளமான எமிஸுக்குள் போய்விட்டது. வருகைப்பதிவு, மாணவர் விவரம், நலத்திட்டப் பொருள் வழங்கியது என்று எல்லாம் அதில் ஏற வேண்டும். பாடம் நடத்த நேரமில்லாமல் பதிவேற்றிக்கொண்டிருக்கிறோம் என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை குரல் எழுப்பியிருக்கின்றன. எமிஸ் கீழிருந்து மேலே போகும் தகவல். ஆசிரியர் தளங்களில் வருவது மேலிருந்து கீழே வரும் தகவல். பெற்றோரும் பிள்ளையும் இந்த இரண்டு வழியிலும் நிற்கவில்லை.

இனி எங்கள் பக்கம், இலங்கை. 10,000க்குச் சற்று மேற்பட்ட அரச பாடசாலைகள். மூன்று மொழிகளில் பாடங்களைத் தரும் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளம். அது நல்ல களஞ்சியம், தரம் வாரியாகப் பாடநூலும் செயலட்டையும் எடுக்கலாம். ஆனால் அதில் எந்த ஆசிரியரும் தன் வகுப்புக்கு "நாளைக்கு வரும்போது கவராயம் கொண்டு வாருங்கள்" என்று எழுத முடியாது. அந்த வேலையை வட்ஸ்அப் பார்க்கிறது, சில இடங்களில் வைபர்.

ஏன் வட்ஸ்அப் என்பதற்கு எங்கள் கடைத்தெருவில் பதில் இருக்கிறது. இங்கே தொலைபேசி நிறுவனங்கள் வட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் யூடியூப்புக்கும் எனத் தனித்தனிப் பக்கேஜ் விற்கின்றன. வட்ஸ்அப் பக்கேஜ் மட்டும் போட்ட அம்மாவின் போனில் ஆசிரியர் அனுப்பிய பிடிஎப் திறக்கும். அதே ஆசிரியர் ஒரு வலைப்பக்க இணைப்பை அனுப்பினால் அதற்கு வேறு டேட்டா வேண்டும். ஆசிரியர்கள் இதை ஒரு வாரத்திலேயே கண்டுகொண்டார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பெப்ரவரியில், ஒரு செயலிக்கு ஒரு விலை, இன்னொன்றுக்கு வேறு விலை என்று டேட்டா விற்பதைத் தடைசெய்தது. பேஸ்புக்கின் இலவச இணையத் திட்டத்தை அங்கே முடித்துவைத்த உத்தரவு அது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஜியோ என்ற தொலைபேசி நிறுவனம் வந்து டேட்டா விலையைத் தரைக்குக் கொண்டுவந்தது. அதன்பிறகு அங்கே ஒரு வலைப்பக்கத்தைத் திறப்பதற்கும் வட்ஸ்அப்பைத் திறப்பதற்கும் பெற்றோருக்கு வித்தியாசம் இருக்கவில்லை. கல்வியாளர்கள் இந்த வேறுபாட்டைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. எந்தப் பயிற்சிப் பட்டறையையும்விட இது அதிகம் தீர்மானித்திருக்கிறது என்பது என் எண்ணம்.

கொரோனா இரண்டு இடத்திலும் உண்மை நிலையைக் காட்டிக்கொடுத்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டிடம் கல்வித் தொலைக்காட்சி ஏற்கனவே இருந்தது. 2019 ஓகஸ்டில் தொடங்கியது. புதிய பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடும் இருந்தது, போனைக் காட்டினால் காணொளி வரும். போன் இருந்தால். ஏசர் என்ற கல்வி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புறத்தில், பள்ளி செல்லும் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தவை 2018இல் 36.5 வீதம், 2021இல் 67.6 வீதம். போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்பதை எந்த வீதமும் சொல்லாது. திரை எட்டாத இடத்துக்கு மனிதரை அனுப்புவோம் என்று 2021 ஒக்டோபரில் அங்கே இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார்கள்: தன்னார்வலர்கள் நடத்தும் மாலைநேர வகுப்பு.

இலங்கையில் பதுளைப் பக்கத்துப் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னல் தேடி காட்டு வழியே மலையுச்சிக்கு ஏறிய படங்கள் 2021இல் உலகச் செய்தியாயின. அந்தப் படங்களைப் பார்த்து நெகிழ்ந்தவர்கள், ஆசிரியர் அங்கே ஏறி என்ன செய்தார் என்பதைக் கவனித்தார்களோ தெரியாது: பாடத்தைப் பதிவேற்றினார், பிள்ளைகளின் வேலையை இறக்கினார். சொந்தப் போன், சொந்த ரீலோட். அதே 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர் தொழிற்சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலில் இருந்து விலகின. சம்பள முரண்பாடுதான் கோரிக்கை. ஒக்டோபர் பிற்பகுதி வரை நீடித்தது. வேலைநிறுத்தம் என்றால் வாயிற்கதவை மூடுவது என்றிருந்த நாட்டில், குழுவில் செய்தி போடாமல் இருப்பதும் வேலைநிறுத்தம் ஆனது. வகுப்பு முழுவதும் ஆசிரியரின் தனிப்பட்ட போனுக்குள் இருக்கும்போது அப்படித்தான் ஆகும். இதற்காக ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அரசு கொடுக்காத கருவியில் அரசுக்காக வேலை செய்தவர்கள் அவர்கள்.

2022இல் நிலைமை இன்னும் விசித்திரம். மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளை ஒத்திவைத்தார்கள். அந்த மாத முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஜூனில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மறுபடி மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குப் போயின. அச்சிடத் தாள் இல்லை, சார்ஜ் போட மின்சாரம் இல்லை. அந்த மாதங்களில் மின்சாரம் வந்த நேரத்தில் போனைத் திறந்தவர்களுக்கு முன்னால் நூற்றுக்கணக்கான செய்திகள் குவிந்து கிடந்தன. அவற்றில் எது இன்றைய வேலை, எது போன கிழமையது, எது யாரோ ஒரு அப்பா அனுப்பிய காலை வணக்கம் என்று பிரித்தெடுப்பது ஒரு தனிப் பாடம். எல்லோரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்த நாட்டில், திகதி வரிசையில் அசையாமல் நிற்கும் ஒரு பக்கமே பொருத்தமான கருவி. நாங்கள் பிடித்துக்கொண்டதோ ஓடும் குழுவை.

பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். இலங்கையில் ஆசிரியர்கள் வலைப்பக்கம் தொடங்கினாலும் அது சீக்கிரமே கடந்தகால வினாத்தாள் கிட்டங்கியாகிவிடுகிறது. வடக்கில் உயர்தரப் பிள்ளைகள் தேடுவது வடமாகாணக் கல்வித் திணைக்களத்தின் தவணைத் தாள்கள், தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தாள்கள், அவற்றின் புள்ளித் திட்டம். ரியூசன் சேர்மாரின் பக்கங்களும் அதே வகைதான். தேவை இருக்கிறது, தருகிறார்கள். பழைய தாள்களை இணைய ஆவணகமான நூலகம் நிறுவனமும் சேர்த்து வைக்கிறது. ஆனால் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடும் ஐந்தாந்தரப் பிள்ளை இணையத்தில் முதலில் காண்பது வினாத்தாளாக இருந்தால், அவன் மனதில் இணையம் என்பது ரியூட்டரியின் நீட்சி.

அந்தத் தாள்களும் தேடினால் அகப்படாது. பெரும்பாலானவை ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி, பிடிஎப்பாகவோ போனில் எடுத்த படமாகவோ ஏறியவை. தமிழ்நாட்டில் அந்த இடத்தில் வானவில் எழுத்துரு. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டு நாட்களில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியை அதிகாரபூர்வமாக ஏற்றது. அலுவலகங்கள் மெல்ல மாறின, பள்ளிக்கூடத்து வினாத்தாள் தட்டச்சாளர் மாறுவதற்கு இன்னும் நாள் எடுத்தது. 'ஒளித்தொகுப்பு' என்று கூகிளில் தேடும் பிள்ளைக்கு, அவளுடைய ஆசிரியர் அதே தலைப்பில் ஏற்றிய நல்ல குறிப்பு ஒருபோதும் தென்படாமல் போகலாம்.

இரு கரையிலும் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறொன்று: பிள்ளைகள் எழுதுவதில்லை. வகுப்பின் பக்கத்தில் ஆசிரியர் அறிவித்தல் போடுவது பாதிப் பயன். வகுப்பில் நடந்த பரிசோதனையை இரண்டு பிள்ளைகள் முறைவைத்து எழுதி, மற்றவர்கள் பிழை பிடித்து, அது அங்கேயே நிற்பதுதான் மீதிப் பாதி. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்குக் கையெழுத்துச் சஞ்சிகையும் சுவர்ப் பத்திரிகையும் புதியவை அல்ல; அந்தப் பழக்கம் திரைக்கு ஏறாமலே தேய்ந்துவருகிறது. தமிழ்நாடு 2022இல் ஊஞ்சல், தேன்சிட்டு என்று மாணவர்களுக்கான இதழ்களைத் தொடங்கியது. பாராட்ட வேண்டிய முயற்சி, ஆனால் மாநிலம் முழுவதற்கும் சில இதழ்கள் என்றால் ஒரு வகுப்பிலிருந்து ஒரு பிள்ளைகூட அதில் வருவது அருமை.

இந்தியாவில் இதைச் செய்துகாட்டிய இடம் பக்கத்துக் கேரளம். ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கி, பின்னர் கைட் என்ற அரச நிறுவனமானது. அது நடத்தும் ஸ்கூல்விக்கியில் பாடசாலைகளுக்குத் தனித்தனிப் பக்கம் உண்டு: ஊர் வரலாறு, பழைய மாணவர், இந்த ஆண்டு நடந்தது என்று ஆசிரியரும் பிள்ளைகளும் மலையாளத்தில் எழுதுகிறார்கள். 2020 ஊரடங்கில் அக்ஷரவிருக்ஷம் என்று பெயர் வைத்துப் பிள்ளைகளின் கதை, கவிதை, கட்டுரைகளைக் கேட்டார்கள். 50,000க்கு மேல் வந்து அதே தளத்தில் ஏறின. எல்லாம் இலக்கியம் என்று யாரும் சொல்லவில்லை. கை கழுவச் சொல்லும் கவிதைகள் எத்தனை இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்! ஆனாலும் தன் பெயருக்குக் கீழே தன் மொழியில் ஒரு பக்கம் இருப்பதைப் பிள்ளை கண்டது.

பெயர் என்றதும் சட்டம் வருகிறது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தரவை விசேட வகையில் சேர்க்கிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரே அதில் பிள்ளை. இந்தியாவின் 2023 சட்டத்தில் அந்த எல்லை 18. இரு நாட்டிலும் வகுப்புக் குழுக்களில் புள்ளிப் பட்டியலைப் பெயரோடு படமெடுத்துப் போடுவது சர்வசாதாரணம். பொதுப் பக்கத்தில் போட்டால் உலகமே பார்க்கும் என்று தயங்கும் அதே ஆசிரியர், நாற்பது வீடுகளுக்குப் போகும் குழுவில் தயங்குவதில்லை. கடைசிப் பிள்ளையின் தாய்க்கு அந்த நாற்பது வீடும்தான் உலகம்.

கேரளத்துப் பக்கங்கள் நிலைப்பதற்கு மொழிப்பற்றோ ஆசிரியர் உற்சாகமோ மட்டும் காரணமில்லை. கணக்கு பாடசாலையின் பெயரில் இருக்கிறது, வழங்கி அரசினுடையது. எங்கள் பக்கங்கள் ஆசிரியரின் சொந்த ஜிமெயிலில் திறந்தவை. இடமாற்றம் வந்தால், தமிழ்நாட்டில் கலந்தாய்வு முடிந்தால், பக்கமும் அவரோடு போகிறது; புதியவர் இன்னொன்றைத் தொடங்குகிறார் அல்லது தொடங்காமல் விடுகிறார். இடாப்பையும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் கையெழுத்திட்டு ஒப்படைத்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பட்டியலில் வகுப்புப் பக்கத்தின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்ல ஒரு சுற்றுநிருபம் போதும். செலவு எதுவுமில்லை, வலயக் கல்வி அலுவலகம் மனம் வைத்தால் அடுத்த தவணைக்கே செய்யலாம்.