எதிர்முரசே நடுவர்

கலாந்தாவின் முரசொலியைக் கச்சேரி என்று நினைத்துக் கேட்கப் போகிறவர் கால் மணி நேரத்தில் காதைப் பொத்திக்கொள்வார். ஸ்பெயினின் அரகோன் பகுதியில், தெருவேல் மாகாணத்தில் உள்ள சிற்றூர் அது. நாலாயிரம் பேருக்குள்தான் அங்கே வாழ்கிறார்கள். பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பு ஊர்ச் சதுக்கம் முழுக்க ஊதா அங்கிக் கூட்டம், கோலை ஓங்கியபடி பேச்சுமூச்சில்லாமல் நிற்கும். மணி அடித்ததும் எல்லா முரசும் ஒரே நொடியில் வெடிக்கும். ‘நாழிகையை உடைத்தல்’ என்று அதற்குப் பெயர். சனிக்கிழமை பிற்பகல் வரை ஓயாது. கிறிஸ்து உயிர்விட்டபோது நிலம் அதிர்ந்து பாறைகள் பிளந்ததாக நற்செய்தி சொல்கிறதல்லவா, அந்த அதிர்வைத்தான் நாங்கள் கையால் எழுப்புகிறோம் என்பது ஊராரின் விளக்கம்.

இந்த மரபைக் காக்கும் ஊர்கள் அந்த வட்டாரத்தில் ஒன்பது: அல்பலாத்தே, அல்கன்யீஸ், அல்கொரீசா, அந்தோர்ரா, கலாந்தா, ஈஹார், லா புவேப்லா தே ஈஹார், சம்பேர், உர்ரேயா. வெளியூர்க்காரருக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். உள்ளூர்க்காரரோ கண்ணை மூடிக்கொண்டே இது எந்த ஊர் அடி என்று சொல்லிவிடுவார். மற்ற ஊர்களில் நாழிகை உடைவது பெரிய வியாழன் நள்ளிரவில். கலாந்தா மட்டும் மறுநாள் நண்பகலுக்குக் காத்திருக்கிறது. அல்கன்யீஸில் அந்தச் சடங்கே இல்லை, அங்கே முரசுக்கு இடம் பவனியில்தான். ஈஹாரில் கறுப்பு அங்கி, அல்கன்யீஸில் வெளிர்நீலம். கருவிகள் இரண்டு. அடித்தோலுக்குக் குறுக்கே நரம்பு கட்டி, இரு கோல்களால் அடிக்கும் தம்போர் ஒன்று. உருண்டைத் தலைக் கோலால் அதிரும் பெரிய போம்போ மற்றொன்று. தம்போர் பேசும், போம்போ நிலத்தை ஆட்டும்.

யார் முதலில் தொடங்கியது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பிரான்சிஸ்கன் துறவிகள் காலத்திலிருந்து எங்களிடம்தான் என்கிறது ஈஹார். மூரியர் படை வருவதை ஓர் இடையன் முரசறைந்து எச்சரித்தானாம், அன்று தொடங்கியது என்கிறது கலாந்தா. கதை எப்படியிருந்தாலும், கலாந்தாவில் வழக்கொழிந்து கிடந்த முரசை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியவர் விசென்தே அயனேகி என்ற பாதிரியார். தொன்மை என்று நாம் மெச்சுவதில் பாதி இப்படி யாரோ ஒருவர் விடாப்பிடியாக மீட்டெடுத்ததுதான்.

இனி, நல்ல அடி எது என்ற கேள்விக்கு வருவோம். இம்மரபின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. கலாந்தாவில் பிறந்த திரைப்பட இயக்குநர் லூயிஸ் புன்யுவேல் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு காட்சியை விவரிக்கிறார். வெவ்வேறு தாளத்தில் அடித்துவரும் இரண்டு குழுக்கள் தெருமுனையில் எதிர்ப்படுகின்றன. இரண்டும் விலகிப் போவதில்லை. முகத்துக்கு முகம் நின்று, தத்தம் தாளத்தை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் கூட ஆகலாம். கடைசியில் தளர்ந்த குழு வென்றவர் தாளத்தை எடுத்துக்கொள்ள, இரண்டும் ஒன்றாகிவிடும். மதிப்பெண் கிடையாது, நடுவர் கிடையாது. எதிராளியின் தாளம் காதை நிறைக்கும்போது தன் தாளம் சிதறாமல் இருக்கிறதா என்பதே சோதனை. வேகத்துக்கும் விரல் வித்தைக்கும் இங்கே இரண்டாம் இடம்தான். தோற்றவர் அடிப்பதை நிறுத்துவதில்லை, வென்றவரின் தாளத்தில் தொடர்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி.

இன்னோர் அளவுகோல் முரசின் தோலில் தெரியும். விரல் கணு முரசின் விளிம்பில் உரசி உரசிக் கிழிந்து, தோலில் இரத்தக் கறை படியும். காய்ப்பேறிய உழவர் கையும் தப்பாது. கறைபட்ட தோலைச் சிலர் பெருமையாகக் காட்டுவார்கள். நான் அதில் அவ்வளவு மயங்கமாட்டேன். கையை இலகுவாக வைத்து விடியும்வரை அடிக்கத் தெரிந்தவர்தான் தேர்ந்தவர்.

தெற்கே போனால் முறை மாறுகிறது. அல்பசேத்தே மாகாணத்தின் எயீன், தொபார்ரா ஊர்களிலும், மூர்சியாவின் மூலா, மொரதாயா ஊர்களிலும் பெரும்பாலும் தம்போர்தான். எயீனில் கறுப்பு அங்கியும் கழுத்தில் சிவப்புத் துணியும் அணிந்த பல்லாயிரம் பேர் தெருவை நிறைப்பார்கள். தொபார்ராவின் பெருமை நீளத்தில்: புனித வாரப் புதன் மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஞாயிறு நள்ளிரவு வரை, 104 மணி நேரம், ஊரில் எங்காவது ஒரு முரசு ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூலாவில் செவ்வாய் நள்ளிரவே முரசு எழுந்துவிடும். மொரதாயாவில் துக்க நிறம் இல்லை. பல வண்ணத் துணிகள் தைத்த அங்கியோடு முகத்தையும் மூடிக்கொள்வார்கள். பெரிய வெள்ளிக்கு இவ்வளவு வண்ணமா என்று முதலில் திகைப்பாக இருக்கும்.

கொர்தோபா மாகாணத்தின் பயேனா இவை எதிலும் அடங்காது. அங்கே முரசடிப்போர் கிறிஸ்துவின் பாடுகளின் கதையில் வரும் யூதர்களாக வேடம் பூணுகிறார்கள். சிவப்பு மேலங்கி, உலோகத் தலைக்கவசம், அதிலிருந்து தொங்கும் குதிரை வால்மயிர். வால் வெள்ளையா கறுப்பா என்பதை வைத்து ஊரே இரு கட்சி. பயேனாக்காரரிடம் முரசைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவர் எந்த வால் என்று கேட்டுவிடுவது நல்லது.

இந்த ஊர்களின் முரசை உலகம் கேட்டதற்குப் புன்யுவேலும் ஒரு காரணம். 1930இல் வந்த ‘பொற்காலம்’, 1959இல் வந்த ‘நசாரின்’ ஆகிய படங்களில் கலாந்தா முரசைப் புகுத்தினார். அவர் மகன் ஹுவான் லூயிஸ் 1966இல் ‘கலாந்தா’ என்றே குறும்படம் எடுத்தார். 2018இல் யுனெஸ்கோ இம்முரசு மரபை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒருகாலத்தில் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த அங்கியை இப்போது பெண்களும் சிறுவர்களும் அணிகிறார்கள். வேலை தேடி வெளியேறியவர்கள் அதிகமுள்ள தெருவேல் மாகாணத்தில், புனித வாரம்தான் ஊர் நிறையும் வாரம்.

கூடவே மேடைப் போட்டிகளும் வளர்ந்திருக்கின்றன. குழுக்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, தனி அடி, திடீர் நிறுத்தம், கோல் வீச்சு என்று கோத்து வருகிறார்கள். நடுவர் மதிப்பெண் போடுகிறார். இதனால் இளையவர் கை திருந்தியது, உண்மை, தாளக்கட்டுகள் பெருகின. ஆனால் மேடைக்குக் கட்டிய உருப்படி சில நிமிடங்களில் கைதட்டலில் முடிகிறது. தெருவில் கைதட்ட ஆளில்லை, ஏனென்றால் எல்லார் கையிலும் கோல் இருக்கிறது. கோப்பை வாங்கிய குழுவும் வெள்ளிக்கிழமை தெருவுக்கு வந்தால் கோத்துவந்த உருப்படியை மறந்துவிட்டு ஒரே தாளத்தை மணிக்கணக்கில் தாங்க வேண்டும். அந்தப் பயிற்சியை எந்த ஒத்திகையும் தருவதில்லை என்பதே என் எண்ணம்.

போய்க் கேட்க விரும்புகிறவருக்கு ஒரு வசதி உண்டு. வியாழன் நள்ளிரவு ஈஹாரில் நாழிகை உடைவதைக் கேட்டுவிட்டு, சற்றுத் தூங்கி எழுந்து, வெள்ளி நண்பகலுக்குள் கலாந்தாவை அடைந்துவிடலாம். ஒரு மணி நேரப் பயணம்தான். சதுக்கத்து முதல் வெடி முடிந்ததும் கூட்டத்தோடு அங்கேயே நிற்க வேண்டாம். குறுகிய சந்துகள் சேரும் முனையாகப் பார்த்து ஒதுங்கி நில்லுங்கள். இரு பக்கமிருந்தும் குழுக்கள் வரும் இடம் அது.