வள்ளல் என்னும் சொல்லும் விஸ்ஸியின் கணக்கும்

ஒருவர் மறைந்த மறுநாளே அவரை ‘வள்ளல்’ என்று எழுதிவிடுகிறோம். இரங்கற் கூட்டத்தில் பேசுவோரும், பள்ளி மலரில் எழுதுவோரும், நாளிதழில் அஞ்சலி வெளியிடுவோரும் இச்சொல்லைக் கையாளத் தயங்குவதில்லை. பொருள் கொடுத்தவரெல்லாம் வள்ளல். நிறையக் கொடுத்தவர் பெருவள்ளல். சங்கச் சான்றோர் அளந்து வழங்கிய சொல்லை நாம் அளவின்றி வழங்குகிறோம். இதனால் என்ன குறை என்று சிலர் கேட்கலாம். குறை உண்டு. கொடுத்தவனைச் சீர்தூக்கும் ஆற்றல் நம் மாணவரிடத்தே வளராமற் போகிறது. கொடுப்பவனுக்கும் தன் எல்லை எதுவெனத் தெரியாமற் போகிறது.

இதனைப் புலவரும் பாட்டும் இல்லாத ஒரு துறையில் வைத்து நோக்குவோம். விளையாட்டு அணியொன்றைத் தம் பொருளால் பேணியவர் மறைந்தால், அவ்வாட்டத்தின் அன்பர்கள் அவரைத் தராசில் நிறுத்துகின்றனர். கொடை ஒரு தட்டில். குறை மறு தட்டில். இந்தியக் கிரிக்கெட் அன்பர்களிடையே அறுபது ஆண்டுகளாகியும் தீராத வழக்கு ஒன்று உண்டு. அது ‘விஸ்ஸி’ என அழைக்கப்பட்ட விஜயநகரம் மகாராஜகுமாரரின் வழக்கு.

அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில் இருந்த விஜயநகரம் அரச குடும்பத்தில் 1905ஆம் ஆண்டு பிறந்தவர் இவர். ஆந்திரத்து விஜயநகரம் இது; ஹம்பி அன்று. இரண்டாம் மகனாதலின் பட்டம் அண்ணனுக்குப் போயிற்று. இவர் காசியிலிருந்த குடும்பச் சொத்துக்களைப் பார்க்கச் சென்றார். 1926இல் சொந்தமாக ஓர் அணி அமைத்து, அரண்மனை வளாகத்திலேயே ஆட்டத்திடலும் கண்டார். 1930-31இல், அரசியற் கொந்தளிப்பால் இங்கிலாந்து அணியின் வருகை நின்றுபோனபோது, தம் செலவில் ஓர் அணியைத் திரட்டி இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றி ஆடச்செய்தார். உலகப் புகழ்பெற்ற ஜேக் ஹாப்ஸும் ஹெர்பர்ட் சட்கிளிஃபும் அவ்வணியில் ஆடினர். ஹாப்ஸ் அடித்த முதல்தரச் சதங்கள் 197 என்பாரும் உளர். 199 என்பாரும் உளர். வேறுபாடாகிய அவ்விரண்டும் இச்சுற்றுப் பயணத்தில் அடித்தவையே. நம் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் ஆராய்வதுபோல் கிரிக்கெட் ஆய்வாளர் இன்றும் இதனை ஆராய்கின்றனர்.

அவர் கொடை அத்துடன் நிற்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைனையும் இந்தியாவுக்கு வருவித்தார். உயர்நிலைப் பள்ளி மாணவராயிருந்த முஷ்டாக் அலியைக் காசிக்கு அழைத்துவந்து பயிற்சி பெறச் செய்தார். 1933-34இல் டக்ளஸ் ஜார்டீன் தலைமையில் வந்த ஆங்கில அணி இந்தியப் பயணத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றது. காசியில் விஸ்ஸியின் அணி அதனை 14 ஓட்டங்களில் வென்றது. இவையெல்லாம் ஒரு தட்டில் நிற்கின்றன.

மறுதட்டு 1936ஆம் ஆண்டால் நிறைந்தது. அவ்வாண்டு இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்கு விஸ்ஸியே தலைவர். சி. கே. நாயுடு, விஜய் மெர்ச்சண்ட் முதலிய தேர்ந்த ஆட்டக்காரர் இருக்க, செல்வமும் செல்வாக்கும் அப்பதவியை இவருக்குத் தேடித் தந்தன. மூன்று டெஸ்டுகளில் ஆறு முறை மட்டை பிடித்து இவர் எடுத்த ஓட்டங்கள் 33, சராசரி 8.25. அணி இரண்டில் தோற்றது. ஒன்றில் வெற்றி தோல்வி இல்லை. சிறந்து ஆடிவந்த லாலா அமர்நாத், முதல் டெஸ்டுக்கு முன்பே, ஒழுங்கு தவறினார் என்று தாயகம் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் மீண்டும் டெஸ்ட் ஆடியது 1946இல். இடையில் உலகப் போரும் வந்து அவருடைய இளமைக் காலத்தை விழுங்கியது. பின்னர் நடந்த பியூமண்ட் குழுவின் விசாரணை, விஸ்ஸியின் தலைமையைக் குறைகூறியது. ஆனால் அப்பயணத்தின்போதே அவருக்குச் ‘சர்’ பட்டம் கிடைத்திருந்தது.

இவரைப் பற்றி அன்பர்கள் இருவகைத் தீர்ப்புக் கூறுவர். “பணமிருந்தும் கொடாதவர் எத்தனையோ பேர், இவர் கொடுத்தாரே” என்பது ஒன்று. “இந்திய அணியைக் கெடுத்தவர்” என்பது மற்றொன்று. இரண்டும் குறையுடையன. முன்னது கணக்கப்பிள்ளையின் தீர்ப்பு. கொடுத்த தொகையை மட்டும் கூட்டுகிறது. பின்னது ஓர் ஆண்டைக் கொண்டு அறுபது ஆண்டு வாழ்வை அளக்கிறது. வேறோர் அளவுகோல் வேண்டும். அதனை நம் புறப்பாடல்களே தருகின்றன.

கையறுநிலைப் பாடல்களை ஊன்றிப் பயின்றவர் ஒன்றைக் கண்டிருப்பர். அதியமான் மறைந்தபோது ஔவையார் அவன் கொடுத்த பொருளை எண்ணிக் காட்டவில்லை. அவன் கள்ளையும் சோற்றையும் மற்றவரோடு எவ்வாறு பகிர்ந்தான், பாடுவோர் பாட அவன் எவ்வாறு இருந்தான் என்பதையே சொல்லுகிறார். கொடுத்தவன் பெற்றவரிடையே எங்கே அமர்ந்தான் என்பதே அங்கு அளவுகோல். பாடும் இடம் பாணர்க்கு. கேட்டு மகிழும் இடம் புரவலனுக்கு.

“அரசரும் பாடினாரே, கோப்பெருஞ்சோழன் பாட்டுப் புறநானூற்றில் உள்ளதே” என்று ஆசிரிய நண்பர் தடை எழுப்பலாம். நல்ல தடை. அவன் பாட்டு, பாட்டின் தகுதியால் நின்றது. கிரிக்கெட்டிலும் அவ்வாறே. பட்டோடி நவாப் அரசர்தாம். ஆயினும் தம் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தவர். அரசர் களம் இறங்குவது குற்றமன்று. கொடை காட்டித் தகுதியின் இருக்கையைப் பெறுவதே குற்றம்.

இவ்வேறுபாட்டை அக்காலத்திலேயே உணர்ந்த ஓர் அரசரும் இருந்தார். 1932இல் இந்தியா தன் முதல் டெஸ்டை லார்ட்ஸ் திடலில் ஆடியது. அப்பயணத்துக்குத் தலைவராக அனுப்பப்பட்டவர் போர்பந்தர் மகாராஜா. அவர் தம் ஆட்டத்தின் அளவை அறிந்தவர். டெஸ்டில் ஒதுங்கி நின்று நாயுடுவைத் தலைமை ஏற்கச் செய்தார். இன்னாரால் இச்செயல் முடியும் என்று தேர்ந்து அதனை அவரிடமே விடுக எனத் தெரிந்துவினையாடல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை வகுப்பறையில் காட்டவியலுமா? விஸ்ஸி கொடுத்ததில் சிறு பங்கும் போர்பந்தர் கொடுத்திருக்கமாட்டார். ஆயினும் ஒதுங்கி நின்ற அந்த ஒரு நாள் அவருக்கு நிலைத்த பெயர் தந்தது.

இனி மான்செஸ்டருக்கு வருவோம். 1936ஆம் ஆண்டின் இரண்டாம் டெஸ்டு. முஷ்டாக் அலியும் மெர்ச்சண்டும் தொடக்க ஆட்டக்காரர். மெர்ச்சண்டை ரன் அவுட் ஆக்கிவிடுமாறு முஷ்டாக்கிடம் விஸ்ஸி சொன்னார் என்றும், முஷ்டாக் அதனை மெர்ச்சண்டிடமே சொல்ல, இருவரும் சிரித்துவிட்டு ஆடினர் என்றும் கிரிக்கெட் நூல்கள் கூறும். அச்செய்தி எவ்வாறாயினும், ஆட்டக்கணக்கு ஐயமற்றது. இருவரும் சேர்ந்து 203 ஓட்டங்கள் எடுத்தனர். முஷ்டாக் 112, மெர்ச்சண்ட் 114. அயல்நாட்டில் ஓர் இந்தியர் அடித்த முதல் டெஸ்டுச் சதம் முஷ்டாக்குடையது. காசியில் விஸ்ஸி நட்ட செடி அது. அச்செய்தி மெய்யாயின், நட்டவர் சொல்லைக் கேளாமல் அது பூத்தது. அவருடைய கொடையின் சிறந்த கனி, அவருக்குக் கீழ்ப்படியாத கனி.

இன்றைய உலகிலும் இவ்வளவுகோல் பொருந்தும். தாய்லாந்து வணிகர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா 2010இல் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி காற்பந்துக் கழகத்தை வாங்கினார். 5000க்கு 1 என்று பந்தயக்காரர் ஒதுக்கிய அவ்வணி 2016இல் முதற்பிரிவுப் பட்டம் வென்றது. ஒன்பதே மாதத்தில் வென்று தந்த பயிற்றுநர் நீக்கப்பட்டபோது அன்பர்கள் கசந்தனர். எனினும் 2018 அக்டோபர் 27இல் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் மாண்டபோது திடலின் வாயிலில் மலர் மலையாகக் குவிந்தது. அணி 2023இலும் 2025இலும் கீழிறங்கியபோது அவர் மகன் நடத்தும் நிருவாகத்தை அதே அன்பர்கள் கண்டித்தனர். நன்றியும் கண்டனமும் ஒரே நாவில் நிற்கலாம் என்பதை அவர்கள் அறிந்திருக்கின்றனர்.

நாம் அறிந்திருக்கிறோமா? கேமரன் மலையில் தேயிலைத் தோட்டப் பள்ளிகளில் பணியாற்றுவோர்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. சரிவான இம்மலையில் சமநிலம் அரிது. ஒரு திடல் கிடைப்பதே கொடை. பந்தும் காலணியும் கோப்பையும் கட்டடமும் பிறர் உதவியால் வருகின்றன. அவ்வுதவியை நாம் மறத்தலாகாது. ஆயினும் கோப்பையில் கொடுத்தவர் பெயர் பெரிதாகவும் வென்ற மாணவர் பெயர் சிறிதாகவும் பொறிக்கப்படுவதைப் பல இடங்களில் காண்கிறோம். பந்து வாங்கித் தந்தவர் மகனுக்கே அணியில் இடம் என்பதையும் கேட்டிருக்கிறோம். இவையும் சிறிய விஸ்ஸிகளின் செயல்களே.

விஸ்ஸிக்கு நீதி செய்வதாயின் பிற்காலத்தையும் சொல்ல வேண்டும். 1947இல் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார். கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தார். 1936இல் தமக்குக் கீழ் ஆட நேர்ந்த நாயுடுவை, 61ஆம் வயதில் உத்தரப் பிரதேச அணிக்குத் தலைவராக்கினார். 1965 டிசம்பர் 2இல் மறைந்தார். பல்கலைக்கழக மாணவர் ஆடும் விஸ்ஸி கோப்பை அவர் பெயரைத் தாங்குகிறது.

ஆகவே, மாணவர்க்கு இரங்கலுரை எழுதப் பயிற்றும்போது ‘வள்ளல்’ என்னும் சொல்லை எழுதுமுன் மூன்று வினாக்களைக் கேட்கச் சொல்லுவோம். இவர் என்ன கொடுத்தார்? அக்கொடையால் வளர்ந்தவர் யார்? வளர்ந்தவர் மாறுபட்டு நின்றபோது இவர் என் செய்தார்? விஸ்ஸியிடம் முதல் இரண்டுக்கும் நல்ல விடை உண்டு. மூன்றாவதற்கு விடை, 1936இல் அமர்நாத்தை ஏற்றித் திரும்பிய அந்தக் கப்பல்.