'கற்பிதம்' என்னும் மொழியாக்கம்: தேசமும் சமயமும்

பெனடிக்ட் ஆண்டர்சனின் 'இமாஜின்டு கம்யூனிட்டீஸ்' (1983) தேசம் பற்றிய ஆய்வில் பெரும் திருப்பத்தை ஏற்படுத்திய நூலாகும். ஒரு தேசத்தின் உறுப்பினர் ஏனையோருள் மிகப் பலரை ஒருபோதும் காண்பதில்லை. ஆயினும் தாம் ஒரே சமூகத்தினர் என்னும் எண்ணம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் வாழ்கிறது என்பது அவர் கருத்து. இதனைத் தமிழில் தருவோர் 'கற்பனை', 'கற்பிதம்' ஆகிய சொற்களை ஆள்கின்றனர். இவற்றுள் 'கற்பிதம்' விவாதம் தொடங்குமுன்பே தீர்ப்பை வழங்கிவிடுகிறது.

இச்சொல்லின் வடமொழி வேர் அமைத்தல், உருவாக்குதல் என்னும் பொருளது. எனினும் கயிற்றில் தோன்றும் பாம்பைக் கற்பிதம் எனும் வேதாந்த வழக்கின் சாயல் அதன்மேல் படிந்துள்ளது. 'தேசம் ஒரு கற்பிதம்' எனின் 'தேசம் பொய்' என்றே வாசகர் கொள்வர். ஆண்டர்சன் மறுத்தது இதனையே. தேசியமே தேசங்களைப் புனைகிறது என்ற எர்னஸ்ட் கெல்னர், புனைதலைப் படைப்போடு சேர்க்காமல் போலியோடு சேர்த்துவிட்டார் என்று அவர் குறை கூறினார். கெல்னரிடம் கண்ட குறையை மொழியாக்கம் ஆண்டர்சன் மீதே ஏற்றிவிடுகிறது.

சமயம் பற்றிய சொற்கள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. 'சமயம்' என்பதற்கு வடமொழியில் உடன்பாடு என்னும் பொருளும் உண்டு. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயற்கையானதன்று, சமயத்தால் அமைவது என்பது நியாய நூலார் கொள்கை. நன்னூலின் 'எழுவகை மதம்' என்னும் வழக்கிலும் 'மதம்' கொள்கையையே சுட்டுகிறது. சொற்பொருள் உறவு இடுகுறியாயினும் பொய்யன்று. தனியொருவர் அதனை விரும்பியவாறு மாற்றவும் இயலாது. இது மொழியியலார் நன்கறிந்த உண்மையே.

எனினும் 'உடன்பாடு' என்பதும் முழுமையான விளக்கமாகாது. 1947 ஆகஸ்டு 17இல் வெளியிடப்பட்ட ராட்கிளிஃப் எல்லைக்கோடு பஞ்சாப் மக்களின் இசைவைக் கேட்டு வரையப்பட்டதன்று. அதனை ஏற்காதவரையும் அது பிரித்தது. நம்பிக்கை நிறுவனமாகும்பொழுது நம்பாதவரையும் கட்டுப்படுத்துகிறது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியின் கீழ் அடக்கப்பட்ட மைதிலி, 2003ஆம் ஆண்டின் 92ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. பின்னர்த் தனிமொழியாக எண்ணப்பட்டது. மாறியது மக்கள் பேச்சன்று, பட்டியலே. ஆயினும் மாற்றத்தின் விளைவு உண்மையானது.

ஆகவே பொய்யானது, உடன்பாட்டால் அமைந்தது, அதிகாரத்தால் சுமத்தப்பட்டது ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்குதல் பொருந்தாது. தொன்றுதொட்டு மாறாமல் வரும் தேசம் என்பது போன்ற சான்றற்ற உரிமைகோரல்களுக்குக் 'கற்பிதம்' தகும். ஆண்டர்சனின் கருத்துக்கு 'எண்ணத்தால் அமைந்த சமூகம்' என்பது நீளமாயினும் நேர்மையானது. பிறர் தேசத்தையும் சமயத்தையும் பொய்யென்று கூறுவது உரையாடலை முடித்துவிடும். அவை எவ்வாறு அமைந்தன, எவரை விலக்கி அமைந்தன என்னும் வினாக்களே அதனைத் தொடரச் செய்யும். அவ்வினாக்களுக்கு இடம் தருவதே மொழிபெயர்ப்பாளரின் கடமை எனலாம்.