கைப்பேசி வைத்திருக்கும் நோய்க்கணக்கு

எம்.எஸ். என்று நரம்பு மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் ஒளிந்துகொள்ளும் நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. உறை சிதைந்த இடத்தைப் பொறுத்து ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும், வேறொருவருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. பலருக்கு இது வரும், சில வாரங்களில் தணியும், மறுபடி வரும். கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ, சிதம்பரத்திலிருந்து சென்னைக்கோ பஸ் ஏறிப் போய், ஓபியில் காத்திருந்து உள்ளே நுழையும்போது கால் நன்றாகவே நடக்கும். "நடுவுல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "பரவாயில்ல சார், கொஞ்சம் அசதிதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த இடைவெளியில்தான் கைப்பேசிக்கு உண்மையான வேலை இருக்கிறது. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், ஒரு தொல்லை குறைந்தது 24 மணி நேரம் நீடித்தால்தான் அதை நோயின் புதிய தாக்குதல் என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்பதில் அந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்று மாதத்துக்கு முன் கை மரத்துப்போனது ஒரு பகலா இரண்டு பகலா என்று யாருக்கு நினைவிருக்கும்? கைப்பேசிக் குறிப்பில் தேதியும் மணியும் தானாகவே விழுந்துவிடும். இன்னொன்று காணொளி. சிலருக்குக் கையோ காலோ திடீரென்று முறுக்கிக்கொள்ளும், சில நொடிகளில் விட்டுவிடும். ஓபி அறையில் அது வந்து காட்டாது. வீட்டில் ஒருவர் படம்பிடித்துக் காட்டினால், பத்து நிமிட விளக்கத்தில் புரியாதது மருத்துவருக்கு அரை நிமிடத்தில் புரியும்.

இதற்கென்றே உருவான செயலிகளும் உண்டு. ரோஷ் நிறுவனத்தின் ஃப்ளட்லைட் அவற்றில் பெயர்பெற்றது. திரையில் தோன்றும் தக்காளிகளை இரு விரலால் நசுக்க வேண்டும். சுருள் வரைய வேண்டும். இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். பார்சிலோனாவிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் 76 நோயாளிகளையும் நோயில்லாத 25 பேரையும் 24 வாரம் வைத்துச் சோதித்தார்கள். விரலின் திறனையும் நடையையும் கைப்பேசியால் ஓரளவு அளக்க முடியும் என்பது தெரிந்தது. அதே ரோஷ்தான் எம்.எஸ்.ஸுக்கான ஓக்ரிலிசுமாப் மருந்தையும் விற்கிறது என்பதை இங்கே ஓரமாகச் சொல்லிவைக்கலாம். நோயாளியின் நடை எப்போது தளர்கிறது என்ற தகவல் யார் கையில் போய்ச் சேருகிறது என்று கேட்காமல் 'சம்மதம்' பொத்தானை அழுத்தக்கூடாது.

பார்சிலோனா ஏற்பாடு நம் கரைக்கு அப்படியே பொருந்துமா? நடையைத் தானாகக் கணக்கிடும் வசதி, கைப்பேசி நாள் முழுக்க உடம்போடு ஒட்டியிருக்கும் என்று நம்பி இயங்குகிறது. எம்.எஸ். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. புடவைக்கும் நைட்டிக்கும் பாக்கெட் ஏது? கைப்பேசி சமையலறை மேடையிலோ டிவி பக்கத்திலோ கிடக்கும். பாதி நாள் பிள்ளைகள் கையில் இருக்கும். அந்தப் பெண் வீட்டுக்குள் நடந்த நடையெல்லாம் செயலியின் கணக்கில் உட்கார்ந்திருந்ததாகவே பதிவாகும். சிதம்பரம் கீழவீதியில் நெரிசலுக்கும் பள்ளத்துக்கும் ஒதுங்கி வளைந்து நடந்தால், தள்ளாட்டம் காலுடையதா தெருவுடையதா என்றும் அதற்குத் தெரியாது.

வெயில் அதைவிடப் பெரிய சிக்கல். ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890லேயே, உடலை வருத்திய பிறகு இந்த நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதைக் குறித்துவைத்தார். உடல் சூடேறுவதே காரணம் என்பது பின்னால் தெளிவானது. உறை சிதைந்த நரம்பில் சிறிது சூடு ஏறினாலும் செய்தி தடைப்படும். உடல் குளிர்ந்தால் சரியாகிவிடும். அது புதிய தாக்குதல் அல்ல. கடலூரில் கத்திரி வெயிலும் கடற்கரைப் புழுக்கமும் சேர்ந்த மத்தியானத்தில் மின்சாரமும் போய்விட்டால், செயலியின் வரைபடம் சரசரவென்று இறங்கும். கரண்ட் இருந்ததா என்று செயலி கேட்பதில்லை. பார்ப்பவர் பயந்துபோய்த் தேவையில்லாமல் ஸ்டீராய்டு ஊசிக்கு ஓடக்கூடும். மழைக்காலக் காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் இதே குழப்பத்தைச் செய்யும்.

தினமும் தன்னையே அளந்துகொண்டிருப்பதில் ஒரு வதையும் இருக்கிறது. நோயை மறந்திருந்த ஒரு நல்ல காலையில் 'இன்றைய தேர்வு பாக்கி' என்று மணி அடிப்பதை எத்தனை நாள் பொறுப்பார்கள்? செயலியில் வரும், எண்ணையும் குறியீட்டையும் பொருத்தும் தேர்வில் வேறொரு கோளாறு: திரும்பத் திரும்பச் செய்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும். அதை மூளை தேறியதாக எடுத்துக்கொள்ள முடியாது.

என் கட்சி, செயலியைவிட எளிய பதிவே இப்போதைக்கு மேல் என்பது. தொல்லை தொடங்கிய நாள், விட்ட நாள், காய்ச்சல் இருந்ததா, வெயிலில் போனதுண்டா என்று வாட்ஸ்அப்பில் தனக்கே தமிழில் ஒரு குரல்பதிவு போட்டுக்கொண்டால் போதும். அதோடு மாதம் ஒருமுறை நடையை அளக்கலாம். மருத்துவர்கள் பயன்படுத்தும் 25 அடி நடைக்கு மொட்டைமாடியில் இரண்டு சுண்ணாம்புக்கோடும் கைப்பேசியின் ஸ்டாப்வாட்சும் போதும். காலை வேளையில், ஒரே செருப்போடு அளக்க வேண்டும். நேரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால்தான் பொருட்படுத்தத்தக்க மாற்றம். அரை நொடிக்கெல்லாம் கலங்க வேண்டியதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அப்படி வருபவரே இந்த நடையை அளந்து அனுப்பலாம். அனுப்பியதைத் திறந்து பார்க்க நரம்பியல் பிரிவில் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். எந்தச் செயலி நல்லது என்று விவாதிப்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது, அந்த ஒருவர் யார், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்பதற்குத்தான்.